பிழைத்த பிள்ளையின் சட்டை

அத்தியாயம் பதினொன்று

மங்களம் வீட்டில் சில நாளாகச் சத்தமே இல்லை. பஃபலோ ரோட்டு மாடியில் ஒரு வீடு சத்தமில்லாமல் இருந்தால் அங்கே ஆளில்லை என்று அர்த்தம், அல்லது பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். வேண்டாமென்றாலும் எல்லாம் காதில் விழும். வேண்டாமென்று நான் சொன்னதும் இல்லை.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மங்களத்தின் மருமகள் லீலாவுக்குப் போன வருஷம் பிறந்த ஆண் குழந்தை மஞ்சள் பூத்து, வாரம் முடிவதற்குள் போய்விட்டது. இப்போது இரண்டாவது. அதுவும் ஆண். அதற்கும் பிறந்த சில நாளிலேயே கண் மஞ்சளித்தது. இந்தத் தடவை லீலா யாரையும் கேட்கவில்லை. பிள்ளையை வாரிக்கொண்டு, வாசலில் கிடந்த என் செருப்பை மாட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அங்கே பிள்ளையின் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு வேறு ரத்தம் ஏற்றினார்கள். உயிர் தங்கியது. அதற்கு மேல் ஆஸ்பத்திரியில் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை.

லீலா வெறும் மருமகள் இல்லை. மங்களத்தின் தம்பி மருதப்பனின் மகள். சொந்தம் விட்டுப் போகக்கூடாது என்று மங்களமே நடையாய் நடந்து கேட்டு, தன் மகன் பரமசிவத்துக்குக் கட்டிய பெண். பிள்ளைகள் நன்றாயிருந்திருந்தால் இன்றைக்கும் அவள் 'என் தம்பி மக'தான். மஞ்சள் வந்த மறுநாளிலிருந்து 'அன்னம்மா பெத்தது' ஆகிவிட்டாள்.

அன்னம்மா என்பவள் மருதப்பனின் மனைவி, லீலாவின் அம்மா. கூலாய்ப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத்துக்காரி மருந்து வைத்துத் தன் தம்பியை மயக்கிவிட்டாள் என்பது மங்களத்தின் இருபது வருஷத்துக் கட்சி. அந்தக் கட்சிக்கு வேறு உறுப்பினர் கிடையாது. ஆனாலும் அது கலையவில்லை.

மங்களத்துக்கு ஒரு மகளும் உண்டு. செல்லக்கண்ணு. நேவல் பேஸ் குவார்ட்டர்ஸில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். இப்போது தலைப்பிள்ளைக்கு ஏழாம் மாசம். பிரசவத்துக்கு இங்கே அனுப்ப மாட்டோம், அங்கேயே பார்த்துக்கொள்வோம் என்று அவள் மாமியார் சொல்லிவிட்டதில் மங்களத்துக்கு ஒரு வருத்தம்.

இனி அன்றைய நாளுக்கு வருகிறேன்.

ஆஸ்பத்திரியில் எல்லாருடைய ரத்தத்தையும் சோதித்து முடிவு சொல்லும் நாள் அது. லீலா, பரமசிவம், அன்னம்மா மூன்று பேரும் ரத்தம் கொடுத்திருந்தார்கள். மருதப்பன் கொடுக்கவில்லை. பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகர் அவர், டூட்டி என்றார். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் போடப் போய் உயிரோடு திரும்பிய மனுஷனுக்கு ஊசி என்றால் பயம் என்பது எனக்குத் தெரியும்.

மங்களம் முதல்நாளே தீர்ப்பை எழுதி வைத்துவிட்டாள். கோளாறு லீலாவிடம் என்று டாக்டர் வாயால் வந்துவிட்டால், அவள் அன்றைக்கே தன் அம்மாவோடு கிளம்பிவிட வேண்டும். பிள்ளை பிழைத்து வந்தால் இங்கே இருக்கும். புதுச் சட்டத்தில் இரண்டாம் கல்யாணம் செய்ய முடியாது, முதலில் விலக்கு வாங்க வேண்டும் என்பதைக்கூடக் காளியம்மன் கோயில் வாசலில் யாரிடமோ விசாரித்து வைத்திருந்தாள். லீலாவின் துணியெல்லாம் பெட்டிக்குள் போய்விட்டது. மடித்து வைத்தது யார் என்கிறீர்கள்? லீலாவேதான். மாமியார் சொன்னாள், அவள் மடித்தாள். பத்தொன்பது வயசு.

பரமசிவம் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கிளார்க். தோ பாயோவில் புதுசாகக் கட்டுகிற வீட்டுக்கு மனுப் போட்டிருக்கிறான். அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் அவன் எந்தப் பக்கம் என்று கேட்டால், துறைமுகத்துப் பக்கம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஃபிளாஸ்க் தூக்கிக்கொண்டு வர ஒரு ஆள் வேண்டுமே என்று நானே சொல்லி, நானே சேர்ந்துகொண்டேன்.

பிள்ளையை முதலில் பார்த்தோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தது. மஞ்சள் இறங்கி, தோல் பழைய பேப்பர் நிறத்துக்கு வந்திருந்தது. கைகள் இரண்டும் விறைப்பாக, யாரையோ தள்ளிவிடுவதுபோல் இருந்தன. லீலா விரலால் கண்ணாடியைத் தட்டினாள். பிள்ளை திரும்பவில்லை. மறுபடி தட்டினாள்.

"கண்ணாடி வழியா கேட்காது லா" என்றேன்.

அவள் தலையாட்டினாள். பக்கத்துத் தொட்டிலில் இருந்த சீனக் குழந்தை இந்தச் சத்தத்துக்கு முகத்தைச் சுளித்ததை நாங்கள் இரண்டு பேருமே பார்த்தோம்.

டாக்டர் வேறு யாருமில்லை, எங்கள் சந்து முனைக் கடைக்காரர் முகைதீனின் மகன் நூருல் அமீன். கால்சட்டை நழுவ நழுவ எங்கள் வாசலில் கோலி ஆடியவன். இப்போது வெள்ளைக் கோட்டு. நாங்களும் 'டேய்' என்பதை விட்டு 'டாக்டர் தம்பி'க்கு ஏறிவிட்டோம். பரமசிவம் உள்ளே வராமல் நடையிலேயே நின்றுகொண்டான். பெண்கள் நாலு பேரும் உள்ளே போனோம்.

பிள்ளையின் காதைப் பற்றி லீலா கேட்டாள். இன்னும் சில மாசம் போகாமல் சொல்ல முடியாது என்றான் தம்பி. ரத்த அணுக்கள் உடைந்து அந்த மஞ்சள் மூளையில் போய்த் தங்கினால் காது போகலாம், கை கால் சரியாக வராமல் போகலாம், ஒன்றுமே ஆகாமலும் இருக்கலாம். மூன்றையும் ஒரே குரலில் சொன்னான். அப்படித்தான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள் போல.

பிறகு அவன் கேட்ட கேள்விதான் எங்களுக்கு விநோதமாக இருந்தது. பிள்ளைக்கு என்ன சட்டை போட்டீர்கள் என்று கேட்டான்.

மங்களம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இதற்குப் பதில் சொல்ல அவளைவிடத் தகுதியானவர் யார்? பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடுவது வழக்கமில்லை. நன்றாகப் பிழைத்து வளர்ந்த பிள்ளையின் பழைய சட்டையைத்தான் முதலில் போட வேண்டும். அந்த ஆயுசு ஒட்டிக்கொள்ளும். அதனால் பரமசிவம் குழந்தையில் போட்ட சட்டைகளையே போட்டேன் என்றாள். இருபத்தெட்டு வருஷமாகப் பெட்டியில் வைத்திருக்கிறாள். ஒரு பூச்சி அரிக்கவில்லை. செல்லக்கண்ணுவின் வளைகாப்புக்குக்கூட அதில் நாலு சட்டையைப் பிரித்துக் கொடுத்தனுப்பியிருக்கிறாள்.

"பூச்சி எப்படி அரிக்காம இருந்துச்சு?" என்றான் தம்பி.

"அந்துருண்டை போட்டுத்தான். தீரத் தீர புதுசா வாங்கிப் போடுவேன்."

தம்பி பேனாவைக் கீழே வைத்தான். முதல் பிள்ளைக்கும் அதே சட்டைதானா, உடம்பில் எண்ணெய் தடவினீர்களா என்று கேட்டான். இரண்டுக்கும் ஆமாம். அந்துருண்டையின் நெடி மூச்சில் ஏறும், எண்ணெய் தடவிய தோலில் இன்னும் சுலபமாக இறங்கும், சில பிள்ளைகளின் ரத்தத்தை அதுதான் உடைத்துவிடும் என்றான். மெதுவாகத்தான் சொன்னான்.

மங்களம் லேசில் விடுகிறவளா? அதே சட்டையைப் போட்டுத்தானே பரமசிவம் வளர்ந்தான், அவனுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றாள். அந்தக் கேள்வி நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாகத்தான் தம்பி இழுப்பறையிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்தான்.

கறுப்புக் கறுப்பாக, நசுங்கிய எறும்பு மாதிரி என்னவோ. ஒவ்வொன்றாகக் கத்தரித்து, ஜோடி ஜோடியாக, பெரியதிலிருந்து சின்னது வரை வரிசையாக ஒட்டியிருந்தது.

"இதென்ன தம்பி, அரிசிப் புழுவா?"

"குரோமோசோம்மா. ஒரே ஒரு அணுவுக்குள்ள இருக்கிறதைப் பெருசாக்கி எடுத்த படம். நம்ம உடம்பில இருக்கிற அணுவுக்குள்ள எல்லாம் இது இருக்கு. முடி சுருளணுமா, மூக்கு எப்படி இருக்கணும், ரத்தத்தில என்ன இருக்கணும், எல்லா உத்தரவும் இதுக்குள்ள. ஜோடில ஒண்ணு அப்பா கொடுத்தது, ஒண்ணு அம்மா கொடுத்தது."

நான் எட்டிப் பார்த்தேன். கல்யாணப் பேச்சு என்று வந்துவிட்டால் எங்கள் வம்சம், உங்கள் வம்சம் என்று விடிய விடிய அளப்போம். அத்தனையும் இந்த இருபத்து மூன்று ஜோடிக்குள் அடங்கிவிட்டது. பார்க்க அவ்வளவு லட்சணமாகவும் இல்லை.

கடைசி ஜோடியைத் தம்பி விரலால் தொட்டுக் காட்டினான். அதுதான் ஆணா பெண்ணா என்று தீர்மானிப்பதாம். பெண்ணுக்கு இரண்டும் பெரிசு, எக்ஸ் என்று பேர். ஆணுக்கு ஒன்று எக்ஸ், இன்னொன்று குட்டையாக ஒய். ரத்த அணுக்களை விஷத்திலிருந்து காக்கிற ஒரு சத்து உண்டு. அதைச் செய்கிற உத்தரவு எக்ஸில் இருக்கிறது. பெண்ணுக்கு ஒரு எக்ஸில் அது கெட்டுப்போயிருந்தாலும் இன்னொன்று சமாளித்துக்கொள்ளும். பெரும்பாலும் அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆண் பிள்ளைக்கு ஒன்றே ஒன்றுதான்.

"பையன்களுக்கு ஸ்பேர் கிடையாதும்மா. அது கெட்டதா வந்துட்டா, அந்துருண்டை மாதிரி ஏதாவது பட்டதும் ரத்தம் உடைஞ்சிடும். உங்க மகனுக்கு நல்லது வந்திருக்கு. அதனால சட்டை ஒண்ணும் செய்யல."

"அந்த எக்ஸை பிள்ளைக்கு யார் கொடுக்கிறது?"

"அம்மாதான். அப்பா மகனுக்கு ஒய்தான் கொடுப்பார்."

மங்களம் எழுந்துவிட்டாள். தம்பி சொல்லிக்கொண்டிருக்கும்போதே எழுந்துவிட்டாள். "போதும் தம்பி. என் மகன் கொடுக்கல. இவ கொடுத்தது. படிச்ச வாயால நீயே சொல்லிட்டே." முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு வெளியே போய், நடையில் நின்ற மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள். அந்துருண்டைப் பேச்சு அந்த அறையிலேயே தங்கிவிட்டது. அதை அவள் எடுத்துக்கொண்டு போகவில்லை.

பாதிப் பாடத்தில் பள்ளிக்கூடத்தைவிட்டு ஓடிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பாதிப் பாடத்தைக் கத்தியாக்கிக்கொண்டு ஓடிய ஒருத்தியை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மீதிப் பாடம் எங்கள் மூன்று பேருக்குத்தான் கிடைத்தது. லீலாவிடம் இரண்டு எக்ஸ், அதில் ஏதோ ஒன்று கெட்டது. ஒன்று அன்னம்மா கொடுத்தது, ஒன்று மருதப்பன் கொடுத்தது. அன்னம்மாவின் ரத்தத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. அப்படியென்றால் அப்பாவைப் பார்க்க வேண்டும் என்றான் தம்பி. ஆணிடம் ஒரே எக்ஸ் இருப்பதால் அதை அவன் மகள்களுக்குக் கொடுத்தே ஆகவேண்டும். எந்த மகளும் தப்ப முடியாது.

"அவரை ரத்தம் கொடுக்கச் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்கிறேன். எப்பவாவது மலேரியா மாத்திரை சாப்பிட்டு, உடம்பு மஞ்சளாகி, யூரின் கறுப்பா போயிருக்கா?"

அன்னம்மா கைப்பையின் வாரை இரண்டு சுற்றுச் சுற்றினாள். "யோசிச்சுச் சொல்றேன் தம்பி" என்றாள்.

லீலா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். யோசிக்கிற முகமில்லை அது.

திரும்பும் வழியில் நான் சும்மா இருக்க முடியுமா? வாயைக் கிண்டினேன். ரொம்பக் கிண்ட வேண்டியிருக்கவில்லை. "நான் சொன்னா என்ன ஆகும் அக்கா? இருபது வருஷமா அவரை மயக்கினவ. இப்ப தப்பிக்கிறதுக்காக அவரையே மாட்டிவிட்டவ. மங்களம் அண்ணி வாய்ல நான் இன்னும் ஒரு இருபது வருஷம் இருக்கணும்" என்றாள். மகள் வீட்டைவிட்டுப் போனாலும் பரவாயில்லையா என்று கேட்டேன். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

மாடி ஏறினோம். லீலாவின் பெட்டி படியோரத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. மருதப்பனுக்கு ஆள் போயிருக்கிறது. காக்கி உடுப்போடே வந்து, வீட்டிலிருந்த ஒரே நாற்காலியில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பஸ்ஸில் அவரைக் கண்டால் டிக்கெட் வைத்திருப்பவனே பையை ஒரு தடவை தடவிப் பார்ப்பான். அக்காவுக்கு முன்னால் அவரே டிக்கெட் வாங்காமல் ஏறியவர் மாதிரிதான் உட்காருவார்.

நான் வாசற்படியில் நின்றுகொண்டேன். யாரும் உள்ளே வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

மங்களம் தன் தம்பிக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். டாக்டர் படமே பிடித்துக் காட்டிவிட்டார், லீலாவின் உடம்புக்குள் ஒரு புழு கெட்டுப்போயிருக்கிறது, அதைத்தான் இரண்டு பிள்ளைகளுக்கும் கொடுத்திருக்கிறாள், பரமசிவத்தின் புழுவெல்லாம் சுத்தம் என்று போய்க்கொண்டிருந்தது கதை. அந்துருண்டை அதில் வரவில்லை. பரமசிவம் ஜன்னல் கம்பியைச் சுரண்டிக்கொண்டு நின்றான்.

"அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் மருதப்பன்.

லீலாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அத்தோடு விட்டிருந்தால் மங்களம் ஜெயித்திருப்பாள். பெட்டி கீழே இறங்கியிருக்கும். ஆனால் எதிரில் அன்னம்மா நின்றாளே, இருபது வருஷத்துப் பாக்கி நாக்கில் நின்றது.

"இவளுக்கு வந்தது இவ அம்மாகிட்ட இருந்து. வேற எங்கேருந்து வரும்? சயாம்ல ஜப்பான்காரன்கிட்டயே தப்பிச்சு வந்தவன் என் தம்பி. அவன் பொண்ணு பார்க்க இவங்க தோட்டத்துக்குப் போனான். நல்லாத்தான் போனான். ரெண்டு நாள் காய்ச்சல். மாத்திரைன்னு என்னத்தையோ கொடுத்தாளுங்க. நான் போய்ப் பார்க்கிறேன், கண்ணு மஞ்சள், நகம் மஞ்சள். மூத்திரம் பால் ஊத்தாத கோப்பி ஓ மாதிரி கறுப்பா போகுது. என் கண்ணால பார்த்தேன். அன்னைக்கே மருந்து வச்ச கை இது. இன்னைக்கு என் பேரனையும்..."

அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். இந்தக் கதையைப் பலகைக்கு இந்தப் பக்கமிருந்து எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். எண்ணெய் காயும்போது கடுகு வெடிக்கிற சத்தம் மாதிரி அது, இருக்கும், அவ்வளவுதான். அன்றைக்கு ஒவ்வொரு வார்த்தையாக விழுந்தது. லீலா தலையைத் தூக்கினாள்.

அன்னம்மாதான் பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"அண்ணி, தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் கொடுத்த அந்த மாத்திரையை எங்க லயத்தில காய்ச்சல் வந்தவங்க எல்லாரும்தான் சாப்பிட்டாங்க. மஞ்சளானது இவர் ஒருத்தர்தான். நீங்க எழுந்து போனப்புறம் டாக்டர் தம்பி கேட்டது இதைத்தான். கறுப்பா போச்சான்னு கேட்டார். நான் வாயைத் திறக்கல. நீங்களே சொல்லிட்டீங்க."

மங்களத்துக்குப் புரியவில்லை. அல்லது புரிந்து, அது வந்து சேர நேரமாயிற்று. லீலாதான் மாமியாருக்கு எதிரில் வந்து நின்று, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னாள்.

"அப்பாகிட்ட ஒரு எக்ஸ்தான் அத்தை. அதைத்தான் எனக்குக் கொடுத்தார். நான் என் பிள்ளைங்களுக்குக் கொடுத்தேன். அப்பாவுக்கு அதைக் கொடுத்தது உங்க அம்மா. உங்க அம்மாகிட்ட ரெண்டு இருந்துச்சு, ஒண்ணு நல்லது, ஒண்ணு கெட்டது. அப்பாவுக்குக் கெட்டது வந்துச்சு. உங்களுக்கு எது வந்துச்சுன்னு தெரியல."

மருதப்பன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது சயாம் காய்ச்சல், அங்கே செத்தவர்கள் பின்னாலேயே வந்தது என்று ஏதோ ஆரம்பித்தார். அவர் குரல் அவருக்கே பிடிக்கவில்லை போல. நிறுத்திவிட்டார். மகளைப் பார்க்க நிமிர்ந்தவர், பாதி வழியில் சுவரைப் பார்த்தார்.

மங்களம் தரையில் உட்கார்ந்தாள். விழுந்தாள் என்று நான் வெளியே சொல்லிக்கொண்டிருந்தேன்; விழவில்லை, உட்கார்ந்தாள். புடவையைக் கால்மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"ரெண்டும் மஞ்சளாத்தான் இருந்துச்சு."

"எது ரெண்டும்?" என்றான் பரமசிவம். அன்று முழுக்க அவன் பேசிய முதல் பேச்சு.

"உனக்கு முன்னாடி."

அவனுக்கு முன்னால் இரண்டு ஆண் பிள்ளைகள். பேர் வைப்பதற்குள் போனவை. புருஷன் வீட்டில் அவளை ராசியில்லாதவள் என்று ஒதுக்கி வைத்தார்கள். மூன்றாவதாகப் பரமசிவம் பிறந்து நின்றான். அதற்குப் பிறகு அந்த இரண்டையும் பற்றி யாரும் பேசக்கூடாது என்று ஆகிவிட்டது. பேசினால் இவனுக்கு ஆகாது என்று பயம். அதனால்தான் அவன் சட்டைகளைத் தங்கம்போல் காத்தாள். இவ்வளவையும் அவள் சொன்னது நாலைந்து வாக்கியத்தில். நான்தான் நீட்டுகிறேன். யுத்தத்துக்குப் பிறகு நான் இந்த மாடிக்கு வந்து இத்தனை வருஷத்தில், பலகை வழியாகக்கூட இது கசியவில்லை. இந்தத் தெருவில் எனக்குத் தெரியாதது ஒன்று இருந்திருக்கிறது.

பரமசிவம் பெட்டிமேல் உட்கார்ந்தான். "அப்ப நான் மூத்தவன் இல்லையா?" என்றான். முப்பதை நெருங்குகிற ஆம்பிளை கேட்கிற கேள்வியா என்று சிரிப்பு வரவேண்டும். வரவில்லை.

மங்களம் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. அழுதிருந்தால்தானே துடைக்க. பெட்டியை உள்ளே கொண்டுபோய் வை என்று மகனிடம் சொன்னாள். லீலாவைப் பார்க்காமலே, "நீ எங்கயும் போக வேண்டாம்" என்றாள்.

அன்னம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் மகளுக்கு வீடு திரும்பக் கிடைத்துவிட்டது. இதற்காகத்தானே காலையிலிருந்து எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அங்கேயே முடிந்திருக்கலாம்.

"செல்லக்கண்ணு அண்ணிக்கு ஆள் அனுப்பணும்" என்றாள் லீலா.

மங்களம் திரும்பினாள்.

லீலா நிறுத்தவில்லை. அந்தச் சட்டைகளைப் போடக்கூடாது என்று சொல்ல வேண்டும். ஆனால் சட்டையோடு போகாது. வேறு சில மாத்திரைகளும் ஆகாதாம். அண்ணி முதலில் ரத்தம் சோதிக்க வேண்டும், பிறக்கிறது பையன் என்றால் டாக்டர் கண்ணெதிரே வைத்துப் பார்க்க வேண்டும். இன்றைக்கே சொல்லிவிடலாம் என்றாள்.

சட்டைகளை நானே ஒரு சாக்குச் சொல்லித் திரும்ப வாங்கிவந்துவிடுகிறேன் என்றாள் மங்களம். மற்றது எதுவும் இந்த வாசலைத் தாண்டக் கூடாது. எல்லார் முகத்தையும் ஒரு தடவை பார்த்தாள். என் முகத்தில் கொஞ்சம் அதிகமாகவே நின்றாள்.

"ஏன் அத்தை?"

"அவ மாமியாரை உனக்குத் தெரியாது. என்னை மாதிரி பொம்பளை. தெரிஞ்சா என் மக பெட்டியும் வாசலுக்கு வந்துடும்."

இதை அவள் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. மழை வரும் என்று சொல்வதுபோல் சொன்னாள்.

"செல்லக்கண்ணுக்கு நல்லதா வந்திருக்கலாம். வந்திருந்தாலும் பிள்ளைக்கு நல்லது போகலாம். பாதிக்குப் பாதிதானே?"

"எனக்கும் பாதிக்குப் பாதிதான் அத்தை. ரெண்டு தடவையும் கெட்டது விழுந்துச்சு."

மங்களம் பேரத்துக்கு வந்தாள். லீலா இங்கே இருக்கலாம், பிள்ளை எப்படி வந்தாலும் இருக்கலாம், இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன். இது மட்டும் வெளியே போகக்கூடாது. அவ்வளவுதான் அவள் கேட்டது. போனால் பெட்டி மறுபடி படிக்கு வரும் என்பதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பெட்டியை உள்ளே வைத்துவிட்டு வந்த பரமசிவம் மனைவியின் பக்கத்தில் நின்று, "அம்மா சொல்றபடி இரு லீலா" என்றான். அன்றைக்கு அவன் பேசியது மூன்றே பேச்சு. மூன்றாவதைப் பேசாமலே இருந்திருக்கலாம்.

லீலா குழாயடிக்குப் போனாள். முகம் கழுவினாள். தலையை வாரிப் பின்னிக்கொண்டாள். பிள்ளையைப் பார்க்கிற நேரமாகிவிட்டது என்று சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். கூட வருகிறேன் என்ற அன்னம்மாவை வேண்டாமென்றுவிட்டாள்.

நான் என் அறைக்கு வந்து ஜன்னலைத் திறந்தேன். வானம் இறங்கி வந்து ஓடுகளைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி நடக்கிற தூரம்தான், அதற்கு பஸ் வேண்டாம். லீலா தெரு முனை வரை போய் நின்றாள். சாலையைக் கடக்காமல், சிராங்கூன் ரோட்டுப் பக்கம் திரும்பி, நேவல் பேஸ் போகிறவர்கள் நிற்கிற பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். முதலில் வந்த பஸ்ஸுக்கு அவள் கை காட்டவில்லை. மழை தூற ஆரம்பித்தது. குடையை விரிக்காமலே நின்றாள். அடுத்த பஸ் வந்து நின்று, கிளம்பியபோது, நிறுத்தத்தில் யாரும் இல்லை.

பின்னால் வாசலில் யாரோ நிற்பது தெரிந்து திரும்பினேன். மங்களம். இத்தனை வருஷத்தில் அவள் என் அறை வாசலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

"ஆஸ்பத்திரிக்குத்தானே போனா?" என்றாள்.

எத்தனை பேர் வீட்டு விஷயத்தை எத்தனை பேரிடம் கொண்டு சேர்த்த வாய் இது. கேட்காமலே சொல்கிற வாய்.

"ஆமா. வேற எங்க போவா?" என்று சொல்லிவிட்டு, மழை உள்ளே அடிக்கிறதென்று ஜன்னலைச் சாத்தினேன்.